ஒளியும் புகையும்

உப்புக்காற்று வீசும் ஊரில் இரும்புக்கு ஆயுள் குறைவு. திருகோணமலையிலே தோணியின் இயந்திரத் தாங்கி முதல் வீட்டுப் படலை வரை யாவும் துருவேறும்; துருவேறியதை வெட்டி ஒட்டவேண்டும். பிரித்தானியக் கடற்படை 1957 இல் தளத்தைக் கையளித்துச் சென்ற பின்னும் இத்தேவை குறையவில்லை. துறைமுகத்தை அண்டிய தெருக்களில் நடப்போர், தகரக் கூரையின்கீழ் நீலவொளி தெறிக்கும் வெல்டிங் பட்டறைகளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வர். அவ்வொளியைப் பார்க்கலாகாது என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். அதனோடு எழும் புகையைப்பற்றி எவரும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பதில்லை.

ஒளி செய்யும் தீங்கு அன்றிரவே தெரிந்துவிடுகிறது. கண்ணுள் மணலை அள்ளிப் போட்டாற்போல உறுத்த, உருளைக்கிழங்குத் துண்டுகளை இமைமேல் வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்த என் தாய்மாமனை நான் கண்டிருக்கிறேன். ஆகையாற் கறுப்புக் கண்ணாடி பதித்த முகமூடியை அவர் மறப்பதேயில்லை. அது மூச்சையுங் காக்கும் என்றே அவரும் உடன் உழைத்தோரும் நம்பினர். புகையோ முகமூடியின் கீழ்விளிம்பால் நுழைந்து மூக்கை அடைவது.

புகை என வழங்கினும் இது விறகுப்புகை போன்றதன்று. உருகி ஆவியான உலோகம் ஒட்சிசனோடு கூடி உறைந்த நுண்டுகள்களே இதன் பெரும்பகுதி. அவற்றுட் பல 1 மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கினுஞ் சிறியன. மூக்கிற் கட்டும் கைக்குட்டை அவற்றைத் தடுக்காது. சுவாசப்பையின் அடிச் சிற்றறைகள் வரை அவை செல்கின்றன. ஒட்டப்படும் இரும்பைவிட, உருகும் வெல்டிங் கம்பியும் அதன் மேற்பூச்சுமே புகையை மிகுதியாகத் தருகின்றன. இரும்பொட்சைட்டுடன் மங்கனீசும், துருப்பிடிக்காத உருக்காயின் குரோமியமும் நிக்கலும் அதிற் கலந்திருக்கும்.

நாகம் பூசிய தகட்டை ஒட்டிய நாளின் மாலையிற் குளிரும் காய்ச்சலும் வாயில் உலோகச் சுவையும் தோன்றி, ஓரிரு நாளில் தாமே தணியும். நாள்தோறும் வேலை செய்வோரின் உடல் இதற்குப் பழகிவிடும். ஓய்வுநாளில் அப்பழக்கம் விட்டுப்போக, திங்களன்று காய்ச்சல் மீண்டும் கடுமையாக வரும். மேலைநாட்டுத் தொழிலாளர் இதனைத் திங்கட்காய்ச்சல் என்றே அழைத்தனர். எம்மவர் இதற்குப் பால் குடிப்பர். பால் செல்வது இரைப்பைக்கு. புகை செல்வது நெஞ்சுக்கு. இதை மாமாவிடம் கூறினேன். சிரித்தார், பாலை நிறுத்தவில்லை.

டொய்க், மக்லோக்லின் என்னும் மருத்துவர் இருவர், வெல்டிங் தொழிலாளரின் எக்ஸ்-கதிர்ப் படங்களில் இரும்புத் துகள்களின் நிழல்களைக் கண்டு 1936 இல் எழுதினர். தொழிலை விட்டோரிடம் அந்நிழல்கள் மறைவதை அவர்களே 1948 இல் அறிவித்தனர். ஆறுதலான செய்திதான், ஆயின் அதுவே முடிந்த முடிபன்று. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2017 இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது உறுதிப்பட்ட முதலாந் தொகுதியிற் சேர்த்தது. சாதாரண இரும்பை ஒட்டுவதற்குங்கூடப் பொதுக் காற்றோட்டம் மட்டும் போதாது, உள்ளரங்கிற் புகையை எழுமிடத்திலேயே உறிஞ்சவேண்டும் எனப் பிரித்தானியத் தொழிற்பாதுகாப்பு அதிகாரிகள் 2019 இல் வற்புறுத்தினர். எமது பட்டறைகளில் இதற்குக் கிடைக்கும் மறுமொழி, கதவைத் திறந்துதானே வைத்திருக்கிறோம் என்பது. கதவே இல்லாத கப்பல் தொட்டிக்குள் இறங்கி ஒட்டுபவன் என்ன சொல்வான்?

தூசையும் புகையையும் அகற்றுவதற்கான ஏற்பாடு எமது 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. முதலாளியும் ஓர் உதவியாளுமாக இயங்கும் கொட்டகைக்குள் அச்சட்டம் நுழைந்து நான் கண்டதில்லை.

நோயாளியிடம் அவன் தொழில் யாதென வினவுதல் மருத்துவன் கடன் என்று இத்தாலிய மருத்துவர் றமசினி 1700 இல் எழுதிவைத்தார். மாமா பீடி சுருட்டைத் தொட்டறியாதவர். இன்று நாலு படி ஏறினால் மூச்சிரைக்கிறது. அவருடைய கிளினிக் கொப்பியில் வயது, நிறை, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இல்லை என்பன எழுதப்பட்டுள்ளன. தொழிலைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. சென்ற மாதம், வெல்டிங், 30 ஆண்டு என்று ஒரு துண்டில் எழுதி அக்கொப்பியின் முதற்பக்கத்தில் ஒட்டி அனுப்பினேன்.