கடலில் நீந்தும் குதிரை... கடிவாளம் யார் கையில்?

கரீபியன் கடலில் சொகுசுக் கப்பலில் சுற்றுலா போகிறவர்களுக்கு ஒரு துறைமுகத்தில் கிடைப்பது ஏழெட்டு மணி நேரம்தான். அதற்குள் ஊரைச் சுற்ற வேண்டும், அருவியில் குளிக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும். ஜமைக்காவின் வட கரையில் இருக்கும் ஓச்சோ ரியோஸ் துறைமுகத்தில் இறங்குகிறவர்களில் சிலர் இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்யாத ஒன்றுக்குக் கிளம்புகிறார்கள். குதிரை மேல் ஏறிக் கடலுக்குள் போவதுதான் அது. கரையோரம் கால் நனைக்கிற விளையாட்டு இல்லை. குதிரையின் கால்கள் தரையை விட்டு, அது நீந்தத் தொடங்குகிற ஆழம் வரை போகிறார்கள்!

இவர்களில் பெரும்பாலானவர்கள் குதிரையைப் பக்கத்தில் நின்றுகூடப் பார்க்காதவர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், புதுமணத் தம்பதிகள், ஓய்வுபெற்ற பெரியவர்கள் என்று எல்லோரும் உண்டு. எந்தத் தைரியத்தில் ஏறுகிறார்கள்? விடை அந்தக் குதிரைகளிடம் இருக்கிறது.

கப்பலில் வந்த குதிரை

துறைமுகத்திலிருந்து வேன் மேற்கே கிளம்புகிறது. நம் ஊரைப் போலவே அங்கும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம்தான் ஓடுகின்றன. ஒருபுறம் நீலக்கடல், மறுபுறம் பச்சை மலை. செயின்ட் ஆன் என்ற இந்தப் பகுதிக்கு ‘ஜமைக்காவின் தோட்டம்’ என்று செல்லப்பெயர் உண்டு. பாடகர் பாப் மார்லி பிறந்ததும் இந்தப் பகுதியின் மலைக்கிராமம் ஒன்றில்தான். அரை மணி நேரத்தில் லாயம் வந்துவிடுகிறது.

வழியில் வரும் சிறிய ஊர் செயின்ட் ஆன்ஸ் பே. குதிரைக்கும் இந்தக் கரைக்குமான உறவு இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்கக் கண்டத்தில் ஒரு காலத்தில் வாழ்ந்த குதிரைகள் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. 1493-ல் கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில் ஸ்பெயினிலிருந்து குதிரைகளைக் கப்பலேற்றிக் கரீபியனுக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டு ஜமைக்காவைக் கண்டார். கடைசிப் பயணத்தில் அவருடைய கப்பல்களைப் புழு அரித்துவிட, 1503 முதல் 1504 வரை ஓர் ஆண்டு இந்தச் செயின்ட் ஆன்ஸ் பே கரையில்தான் சிக்கிக் கிடந்தார். 1509-ல் ஸ்பானியர்கள் ஜமைக்காவில் தங்கள் முதல் ஊரை அமைத்ததும் இங்கேதான். தீவில் மாட்டுப் பண்ணைகளும் குதிரைப் பண்ணைகளும் பெருகின.

1655-ல் ஆங்கிலேயர்கள் தீவைப் பிடித்தார்கள். கரும்புத் தோட்டங்கள் வந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வெயிலில் கரும்பு வெட்ட, கண்காணி குதிரை மேல் அமர்ந்து அதிகாரம் செய்தான். சேணத்தில் இருப்பவன் எஜமான், மண்ணில் நிற்பவன் அடிமை என்பதுதான் அந்தக் காலத்துக் கணக்கு. 1838 ஆகஸ்ட் 1-ம் தேதி முழு விடுதலை கிடைக்கும் வரை அது மாறவில்லை.

இன்று அதே கரையில் கணக்கு தலைகீழ். அந்த மக்களின் வழிவந்தவர்கள்தான் இங்கே குதிரைகளை வளர்க்கிறார்கள், பழக்குகிறார்கள், சவாரிக்கு வழிகாட்டிகளாக வருகிறார்கள். கப்பலில் வந்த விருந்தாளி சேணத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை அப்படியே கேட்கிறார். கேட்டால்தான் பத்திரம்!

முதல் பத்து நிமிடம்

லாயத்தில் இறங்கியதும் முதலில் கையெழுத்து. அபாயம் தெரிந்தே வருகிறேன் என்ற உறுதிமொழித் தாள் அது. அடுத்து வயது, எடை, உடல்நிலை பற்றிக் கேட்பார்கள். கர்ப்பிணிகளையும் முதுகுவலி, இதயக் கோளாறு உள்ளவர்களையும் ஏற்றமாட்டார்கள். எடையைக் குறைத்துச் சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 450 கிலோ குதிரை என்றால் 90 கிலோ. நீங்கள் மறைக்கும் பத்து கிலோவைச் சுமக்கப்போவது அதன் முதுகெலும்பு.

ஆளைப் பார்த்துத்தான் குதிரையைக் கொடுப்பார்கள். பயந்த சுபாவம் உள்ளவருக்குக் கிழட்டுச் சாது, உயரமானவருக்குப் பெரிய குதிரை. இவற்றில் பந்தயத்திலிருந்தும் போலோ ஆட்டத்திலிருந்தும் ஓய்வு பெற்றவையும் உண்டு. செயின்ட் ஆன் பகுதியில் இன்றும் போலோ ஆடுகிறார்கள். கூட்டம், சத்தம், மோதல் எல்லாம் பார்த்துப் பழகிய குதிரை, முதல் தடவை ஏறுகிறவரின் கூச்சலுக்கெல்லாம் மிரளாது.

குதிரையை எப்படி நெருங்குவது? அதன் கண்கள் தலையின் இரண்டு பக்கங்களிலும் இருக்கின்றன. அதனால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும். தெரியாத இடங்கள் இரண்டு: வாலுக்கு நேர் பின்னே, நெற்றிக்கு நேர் முன்னே. பின்னால் போய் நின்றால் உதை விழலாம். மூக்குக்கு நேராகக் கையை நீட்டினால் திடுக்கிடும். பக்கவாட்டில், தோள் பக்கமாக வந்து, குரல் கொடுத்து, கழுத்தைத் தடவிக் கொடுங்கள்.

ஏறுவது இடப்பக்கத்திலிருந்து. படிக்கட்டு மாதிரி ஒரு மேடை வைத்திருப்பார்கள். அதிலிருந்து ஏறினால் குதிரையின் முதுகுக்கும் இழுப்பு இருக்காது. அங்கவடியில் முன்பாதம் மட்டும் ஊன்றி, குதிகாலைத் தாழ்த்த வேண்டும். முழுப் பாதத்தையும் உள்ளே நுழைத்துக்கொண்டால், தவறி விழும்போது கால் மாட்டிக்கொள்ளும். பார்வை குதிரையின் காதுகளுக்கு நடுவே, முன்னே. தரையைப் பார்த்துக் குனிந்தால் உடலும் அந்தப் பக்கம் சாயும். முன்னால் போகும் குதிரைக்கும் உங்கள் குதிரைக்கும் நடுவே ஒரு குதிரை நீளம் இடைவெளி எப்போதும் வேண்டும். ஏதாவது ஒரு குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் அழகுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ‘நான் உதைப்பேன், தள்ளி வா’ என்பதற்கான அடையாளம் அது.

வரிசை கிளம்புகிறது. பழைய தோட்டங்கள் வழியாக, மர நிழலில், மெதுநடை. இங்கேதான் புதியவர்களுக்கு ஓர் உண்மை புரியும்: குதிரையை ஓட்டுவது தாங்கள் அல்ல. குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. முன்னால் போகும் வழிகாட்டியின் குதிரையைப் பார்த்து மற்றவை நடக்கின்றன. லகானைப் பதற்றத்தில் இறுக்கிப் பிடித்தால் அதன் வாய்தான் வலிக்கும். தளர்வாகப் பிடித்து, இடுப்பை அதன் நடைக்கு விட்டுக்கொடுத்தால், ஐந்தே நிமிடத்தில் பயம் பாதியாகக் குறைந்துவிடும்.

தரை விலகும் நொடி

கடற்கரைக்கு வந்ததும் சேணத்தைக் கழற்றிவிடுவார்கள். தோல் சேணம் உப்புநீரில் கெட்டுப்போகும், நனைந்தால் கனக்கும். அதற்குப் பதில் மெத்தை போன்ற ஒரு விரிப்பும் பிடித்துக்கொள்ள ஒரு வாரும்தான். ஆட்களுக்கு லைஃப் ஜாக்கெட். ஒரே சமயத்தில் சில குதிரைகளை மட்டுமே நீரில் இறக்குவார்கள்.

முழங்கால் ஆழம். வயிற்றளவு. அலை வந்து தொடையில் மோதுகிறது. கீழே ஓடும் நீரையே பார்த்தால் தலைசுற்றும் என்பதால், தொடுவானத்தைப் பார்க்கச் சொல்வார்கள். ஆழமில்லாத இடத்தில் குதிரை நின்று முன்காலால் நீரை அடித்து விளையாடினால், ‘அழகாக இருக்கிறதே’ என்று படம் எடுக்க நிற்கக் கூடாது. படுத்துப் புரளப்போகிறது என்பதற்கு அதுதான் முன்னறிவிப்பு! உடனே நடக்க விட வேண்டும்.

பிறகு அந்த நொடி. குதிரையின் நடையில் இதுவரை இருந்த ஆட்டம் சட்டென்று நின்று, உடல் மிதக்கிறது. அடியில் நான்கு கால்களும் வேகமாக இயங்குவதை உணர முடிகிறது. தலை மட்டும் நீருக்கு மேலே. ‘புஸ்... புஸ்...’ என்று மூச்சு சீறுகிறது. குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது. மூக்கு ஒன்றுதான் வழி. அது நீருக்கு மேலே இருந்தே ஆக வேண்டும்.

அதனால்தான் வழிகாட்டிகள் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்கிறார்கள்: நீரில் லகானை இழுக்காதே. பயத்தில் லகானை இழுத்தால் தலை பின்னுக்குப் போகும், குதிரையின் சமநிலை கெடும். வாரையோ பிடரி மயிரையோ பிடித்துக்கொண்டு, லகானை விட்டுவிட வேண்டும். கடலின் நடுவே கடிவாளத்தை விட்டுவிடுவது சுலபமா? ஆனால், அதைச் செய்கிறவர்களுக்குத்தான் அந்தச் சில நிமிடங்கள் சுகமாகக் கழிகின்றன. வழி அதற்குத் தெரியும். தினம் போய்வருகிற கடல்.

சில நிமிடங்கள்தான். நீச்சல் குதிரைக்குக் கடினமான வேலை. முதுகில் ஆளையும் வைத்துக்கொண்டு என்றால் கேட்கவே வேண்டாம். மொத்தம் மூன்று மணி நேரப் பயணத்தில் நீந்துவது இவ்வளவுதானா என்று சிலர் குறைப்படுவது உண்டு. நீளவில்லை என்றால் குதிரை மேல் அக்கறை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

குதிரையைப் பார்த்து முடிவெடுங்கள்

கரீபியனில் எல்லா லாயங்களும் ஒரே மாதிரி இல்லை. கடற்கரையில் எதிரே வந்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சவாரிக்கு அழைப்பவர்களும் உண்டு. விலையைக் கேட்பதற்கு முன் குதிரையைப் பாருங்கள். விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதா? சேணம் உரசும் இடத்தில் புண் இருக்கிறதா? நடையில் நொண்டல் உண்டா? குளம்பு உடைந்து பிளந்திருக்கிறதா? நிற்க நிழலும் குடிக்கத் தண்ணீரும் இருக்கிறதா? காதுகளைப் பின்னுக்கு மடக்கியபடியே இருக்கும் குதிரை வலியிலோ கோபத்திலோ இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஏற வேண்டாம். உடம்பு முடியாத குதிரையில் ஏறுவது அதற்கும் கொடுமை, உங்களுக்கும் ஆபத்து. தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் இல்லை என்றால் குழந்தைகளை ஏற்றவே கூடாது.

கடிகாரம் ஒன்று, நேரம் இரண்டு

சவாரியைவிடப் பதற்றம் தருவது கப்பல் கிளம்பும் நேரம். கப்பல் நிறுவனம் மூலமாகவே சுற்றுலாவைப் பதிவு செய்தால் கொஞ்சம் கூடுதல் செலவாகும். ஆனால், வேன் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். அல்லது பொறுப்பேற்று உங்களைக் கப்பலில் சேர்க்கும். வெளியே தனியாகப் பதிவு செய்தால் செலவு குறையலாம். தாமதமானால் உங்கள் பாடு.

இன்னொரு கண்ணி உண்டு. ஜமைக்காவில் ஆண்டு முழுவதும் ஒரே நேரம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலோ கோடைக் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிடுவார்கள். அங்கிருந்து கிளம்பிய கப்பல் அந்த நேரத்தையே வைத்திருந்தால், ஜமைக்காவில் மணி இரண்டு ஆகும்போது கப்பலில் மூன்று! கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். இறங்கும்போதே கப்பல் நேரத்தைக் கேட்டு, கையில் கட்டும் வாட்ச்சில் வைத்துக்கொள்வது நல்லது.

போட்டுக்கொள்ள, நீச்சல் உடைக்கு மேல் நீளமான கால்சட்டையும் முன்பக்கம் மூடிய காலணியும் வேண்டும். வெறுங்காலோடு உப்புநீரில் சவாரி செய்தால் உள்தொடை உரசிச் சிவந்துவிடும். ராணுவ உடை போன்ற பச்சைத் திட்டு டிசைன் துணிகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஜமைக்காவில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம். பயணக் காப்பீடு எடுக்கும்போது குதிரைச் சவாரியும் அதில் அடங்குமா என்று பாருங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். கடல் கொந்தளித்தால் நீச்சலை ரத்து செய்வார்கள். வற்புறுத்த வேண்டாம். நம் ஊரிலிருந்து போய் ஃப்ளோரிடாவில் கப்பல் ஏறுகிறவர்கள், திரும்ப அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டியிருப்பதால் பலமுறை நுழைவதற்கான விசாவைக் கையில் வைத்திருப்பது அவசியம்.

சவாரி முடிந்ததும் எல்லோரும் படம் வாங்கும் கவுன்ட்டரைப் பார்த்து ஓடுவார்கள். வேன் கிளம்ப இன்னும் ஐந்து நிமிடம் இருந்தால் லாயத்தின் பக்கம் போய்ப் பாருங்கள். நல்ல லாயத்தில் குதிரையின் மேலிருக்கும் உப்பு போக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள், முதுகைத் தடவிப் பார்ப்பார்கள், குடிக்க விடுவார்கள். அதைச் செய்கிறவரிடம் குதிரையின் பெயரைக் கேளுங்கள். கடலுக்குள் உங்களைச் சுமந்து போய்ப் பத்திரமாகக் கரை சேர்த்தது யார் என்று ஊருக்கு வந்து சொல்ல வேண்டாமா?