இரண்டு தீவு, ஒரு கப்பல், மூன்று அடையாள அட்டை

கோலசிலாங்கூரில் கடல் உண்டு, கால் நனைக்கக் கடற்கரை கிடையாது. புக்கிட் மெலாவதி குன்றில், 1907-இல் கட்டிய ஆல்டிங்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தின் பக்கம் நின்று பாருங்கள். முதலில் பச்சையாகச் சதுப்புக்காடு, அடுத்து சேறு, அதற்கும் அப்பால் சாம்பல் நிறத்தில் மலாக்கா நீரிணை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் குன்றில் குரங்குகளுக்குத் தீனி கொடுப்பார்கள், இரவில் கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பார்ப்பார்கள், நண்டு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். நீலக்கடல் வேண்டுமென்றால் நாங்கள்தான் வெளியே போகவேண்டும்.

அதனாலோ என்னவோ, புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துக் குடும்பங்களில் இப்போது உல்லாசக் கப்பல் பேச்சு அதிகம். வானொலியில் விடுமுறை பற்றி நிகழ்ச்சி செய்தால், கப்பலைப் பற்றிக் கேட்காத நாளில்லை. "ஒரு பயணம் முடிந்த அன்றே அதே கப்பலில் அடுத்த பயணத்துக்கும் சேர்த்துப் பதிவு செய்தால் மலிவா? தூரத்துத் தீவுக்குப் போய்விடலாமா?" என்பது நேயர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. என் அத்தையும் அதையே கேட்டார். அவருக்காக நோட்டில் போட்ட கணக்கை இங்கே பகிர்கிறேன்.

ஐந்து இரவு, ஐந்து இரவுத் தூரமல்ல

முதலில் தூரம். ஒரு கப்பல் 18 நாட் வேகத்தில் ஓடினால் 24 மணி நேரத்தில் சுமார் 800 கிலோமீட்டர் போகும். கிள்ளான் துறைமுகத்திலிருந்து பினாங்கு ஓர் இரவு ஓட்டம். மாலத்தீவுக்கு நிற்காமல் ஓடினாலும் போக மட்டும் நான்கு நாள் பிடிக்கும்.

மூன்று இரவுப் பயணத்தையும் இரண்டு இரவுப் பயணத்தையும் ஒட்டிப் போட்டால் ஐந்து இரவுத் தூரத்துக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. ஒவ்வொரு பயணமும் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வரும். பூவின் இரண்டு இதழ் மாதிரி, நடுவில் இருப்பது அதே துறைமுகம். ஒரு சுற்றில் பினாங்கும் புக்கெட்டும், இன்னொன்றில் சிங்கப்பூர் என்று இடங்கள் கூடலாம், தூரம் கூடாது. சில சமயம் இரண்டு சுற்றிலும் அதே தீவு வந்துவிடும். எனவே தேதிக்கு முன்னால் எந்தெந்தத் துறைமுகம் என்று பாருங்கள். பாலி போன்ற தூரத்துத் தீவுதான் வேண்டுமென்றால் ஒரே நீண்ட பயணம், அல்லது ஓரிடத்தில் ஏறி வேறிடத்தில் இறங்கும் பயணம். இரண்டாவதில் திரும்பும் விமான டிக்கெட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நமக்குப் பக்கத்துத் துறைமுகம் கிள்ளான். உல்லாசக் கப்பல் முனையம் இருப்பது பூலாவ் இண்டாவில். கிள்ளான் வழியாகப் பாலம் கடந்து காரிலேயே போய்விடலாம். ஆனால் இந்த வட்டாரத்தில் அதிகக் கப்பல்கள் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு ஓடுகின்றன. கிள்ளானில் ஏறினால் பஸ் செலவும் ஓர் இரவு ஹோட்டல் செலவும் மிச்சம். சிங்கப்பூரில் ஏறினால் கப்பலும் தேதியும் அதிகம், கட்டணத்தைச் சிங்கப்பூர் டாலரில் கட்டவேண்டி வரலாம்.

விளம்பர விலையும் கைவிலையும்

விளம்பரத்தில் போடும் விலை பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் கட்டணம். தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் கட்டவேண்டி வரும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குச் சலுகை கிடைப்பதுண்டு. துறைமுகக் கட்டணம் தனி. கப்பல் ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகையும் பெரும்பாலும் தனி, அது தலைக்கு, இரவுக்கு.

கணக்குப் புரிவதற்காக வட்டத் தொகைகளாக வைத்துக்கொள்வோம். மூன்று இரவுக்கு ஒருவருக்கு 900 வெள்ளி, இரண்டு இரவுக்கு 600 வெள்ளி. மொத்தம் 1,500. துறைமுகக் கட்டணம் 200-உம் 150-உம், ஆக 350. அன்பளிப்பு இரவுக்கு 75 என்றால் ஐந்து இரவுக்கு 375. ஒருவருக்கு 2,225 வெள்ளி. மூன்று பேருக்கு எந்தச் சலுகையும் இல்லாமல் 6,675 வெள்ளி. விளம்பரத்தைப் பார்த்து மனசில் போட்ட கணக்கு 4,500 வெள்ளிதான். இதில் இணைய வசதி, குளிர்பானம், கரையில் சுற்றிப் பார்க்கும் செலவு, பயணக் காப்புறுதி எதுவும் இன்னும் வரவில்லை.

கட்டணம் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. சூதாட்டக் கூடம், மதுக்கூடம், கடைகள், கட்டணச் சாப்பாட்டுக் கூடங்கள் எனக் கப்பலுக்குள்ளே வரும் வருமானமும் கம்பெனிக்கு முக்கியம். அறை காலியாகப் போவதைவிடக் குறைந்த விலையில் ஆள் ஏறுவது அவர்களுக்கு லாபம். அந்தப் பக்கம் போகாமல், கட்டணத்தில் சேர்ந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு, மேல்தளத்தில் காற்று வாங்கும் குடும்பத்துக்குக் கப்பல் உண்மையிலேயே மலிவுதான்.

இரண்டு பயணத்தை ஒட்டிப் பதிவு செய்வதென்றால் இன்னும் நான்கு விஷயம். இரண்டுக்கும் ஒரே அறை எண் கேளுங்கள், இல்லையென்றால் நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாறவேண்டும். நடு நாளில் கணக்கை முடித்து, புது அறை அட்டை வாங்கி, குடிநுழைவுச் சோதனைக்கு இறங்கி ஏறவேண்டி வரலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால் உதவி உண்டா என்று முன்பே கேளுங்கள். இரண்டு சிறு பயணத்தின் மொத்த விலையை, அதே அளவு நாள் உள்ள ஒரே பயணத்தின் விலையோடு ஒப்பிடுங்கள். சில மாதங்களில் முதலாவது மலிவு, பள்ளி விடுமுறையில் இரண்டுமே ஏறியிருக்கும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை மொத்த நாளுக்கும் கூடவே மூன்று நாளுக்கும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் பணம் யார் கட்டியது?

இந்தக் கணக்கை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கி ஓய்வு பெற்றவர். "எங்கம்மா காசே கட்டாம வந்தாங்களாம். நமக்கு ஆறாயிரமா?" என்றார்.

அவர் சொன்னது சரி. 1907-இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் ஆள் கணக்கில் பணம் கட்டினார்கள். கூலிகளின் கப்பல் செலவு அதிலிருந்து போனது. நாகப்பட்டினத்தில் ஏறியவர் டிக்கெட் வாங்கவில்லை, அதன் விலையைக் காலமெல்லாம் உழைத்துக் கொடுத்தார். பெஸ்தாரி ஜெயா பக்கம் தென்னமாரம் தோட்டம் இருக்கிறதே, 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அமைந்த இடம். தோட்டத்தின் பேரிலேயே நம் தென்னைமரம் நிற்கிறது. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அப்படித்தான் ஆட்கள் வந்தார்கள். அத்தையின் அம்மா அதற்கு முந்திய ஆண்டு, சிறுமியாகப் பினாங்கில் இறங்கி, ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டு, பிறகு சிலாங்கூர் வந்தார்.

ராஜுலா கப்பலை நம் வீடுகளில் அறியாத மூத்தவர்கள் குறைவு. 1926-இல் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. பெரும்பாலானோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, ஏறக்குறைய ஒரு வாரம் பயணம் செய்தார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, பல்லாயிரம் பேர் இங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் அத்தையின் அக்காளும் ஒருவர். அக்காள் கணவரிடம் குடியுரிமை இல்லை. 1970-இல் போர்ட் சுவெட்டன்ஹாமில் நின்று கையாட்டியபோது அத்தைக்கு வயது 12. அக்காள் பிறகு திரும்பவேயில்லை. அந்தத் துறைமுகத்துக்குத்தான் 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது.

பணத்துக்கு முன் பத்திரம்

பயணம் போவதாக இருந்தது மூன்று பேர்: அத்தை, மாமா, நான். என் கையிலும் அத்தை கையிலும் நீல அடையாள அட்டை. மாமாவிடம் இருப்பது சிவப்பு. 1951-இல் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பிறப்பைப் பதிய ஆளில்லை. மூன்று முறை குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். வடக்குச் சிலாங்கூர் தோட்டங்களில் இப்படிப்பட்ட பெரியவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை, கோயில் திருவிழாவில் நாலு பேரை விசாரித்தால் ஒருவர் கிடைப்பார்.

சிவப்பு அட்டைக்காரருக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. வேறு நாட்டுக் கடப்பிதழும் இல்லாதவர் குடிநுழைவுத் துறையில் அடையாளச் சான்றிதழ் என்ற பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு போகும் நாட்டுக்கு விசா தேவைப்படலாம், திரும்பி வர நுழைவு அனுமதியும் வேண்டும். இரண்டு சுற்றுக் கப்பல் என்றால் நாடும் இரண்டு, நுழைவும் இரண்டு முறை. முன்பணம் கட்டிய பிறகு இது தெரிந்தால் அந்தப் பணம் திரும்பாமல் போகலாம். குடும்பத்தில் மூத்தவர்களை அழைத்துப் போகிறவர்கள் அறை விலை கேட்பதற்கு முன் எல்லாருடைய அட்டையையும் மேசைமேல் வையுங்கள். நீல அட்டைக்காரர்களும் கடப்பிதழில் ஆறு மாதம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்.

"அவருக்கு வயசாச்சு, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றார் மாமா. அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஒரு தடவ கப்பல்ல ஆள அனுப்பிட்டு நின்னது போதும்மா."

ஆகவே திட்டத்தை மாற்றினோம். அடுத்த பள்ளி விடுமுறை முடிந்து கூட்டம் குறைந்ததும், காரில் பட்டர்வொர்த் வரை போய், ஃபெரியில் பினாங்கு. இரண்டு நாள் கழித்து கோலபெர்லிஸ் போய், அங்கிருந்து ஃபெரியில் லங்காவி. இரண்டு தீவும் அடுத்தடுத்து. உள்நாட்டுப் பயணம், சிவப்பு அட்டையே போதும். மூன்று பேருக்கும் தங்குமிடம், சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து நான் போட்டிருக்கும் கணக்கு கப்பல் கணக்கில் பாதிக்கும் கீழே. மிச்சப் பணம் தனிக் கணக்கில் இருக்கும். மாமாவின் பயணப் பத்திரத்துக்கான விண்ணப்பத்தை இந்த மாதமே கொடுக்கிறோம். அது கையில் வந்த பிறகுதான் கப்பலுக்கு முன்பணம்.

பினாங்கில் ஒரு காலை நேரத்தை மட்டும் அத்தை தனக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறார். பாயான் லெப்பாஸ் கரையோரம் போய் நின்றால் எதிரே ஜெரெஜாக் தீவு தெரியும். அதற்கு டிக்கெட் கிடையாது.