அண்ணனின் மிதிவண்டி

சில பொருள்கள் பயன்பாட்டைக் கடந்து நினைவுச் சின்னங்களாகிவிடுகின்றன. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும் மலை மிதிவண்டி அத்தகையது. சிங்கப்பூரில் பணியாற்றிய என் அண்ணன், 1994ஆம் ஆண்டு விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்தது. தடித்த டயரும் பல கியர்களும் கொண்ட அவ்வண்டியைக் காண அன்று தெருவே திரண்டது. 2011இல் அண்ணன் வஃபாத்தானார். அவர் கைபட்ட வண்டியில் எதனையும் மாற்றுவதில்லை என அன்று உறுதி பூண்டேன். வாரந்தோறும் துடைத்தேன், எண்ணெய் இட்டேன். கல்லாய் இறுகிவிட்ட பிரேக் கட்டைகளை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன்.

அதன் பயனை அனுபவித்தவன் என் மகன். ஐப்பசி மழைநாள் ஒன்றில், பதினாறு வயதான அவன் கம்பம்மெட்டிலிருந்து கம்பம் நோக்கி அவ்வண்டியில் இறங்கினான். வளைவொன்றில் வண்டி நிற்கவில்லை. பள்ளத்தின் பக்கம் போகாமல், மலையோர ஓடையில் வேண்டுமென்றே விழுந்து உயிர் தப்பினான். இடக்கை மணிக்கட்டு முறிந்தது. “அத்தா, ரெண்டு பிரேக்கையும் இறுக்கித்தான் புடிச்சேன். நிக்கல” என்றான். அவன் என்மீது குறை கூறவில்லை. அதுவே என்னை வாட்டியது.

அவன் கை குணமாகிவந்த நாள்களில் இவ்வண்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மாரின் கவுண்டி மலைச்சரிவுகளில், பழைய வண்டிகளை ஓட்டிய இளைஞர்களிடமிருந்து பிறந்தது இது. அவர்கள் 1976இல் ஒரு செங்குத்தான மண்பாதையில் பந்தயம் தொடங்கினர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் அவர்களுடையது. கீழே வந்து சேர்வதற்குள் சக்கரக் குடத்தினுள் இருந்த கிரீஸ் சூட்டில் எரிந்து புகைந்துவிடும். மீண்டும் நிரப்ப வேண்டும். ‘மீண்டும் நிரப்பு’ எனப் பொருள்படும் ‘ரீபேக்’ என்பதே அப்பந்தயத்தின் பெயராயிற்று. மலை மிதிவண்டியின் கதை, பிரேக்கை மாற்றிக்கொண்டே வந்த கதையும் ஆகும் என்பதை அன்றுணர்ந்தேன்.

அண்ணனின் வண்டியில் இருந்தது கேண்டிலீவர் பிரேக். இரு குட்டைக் கைகளை ஒரு குறுக்குக் கம்பி மேல்நோக்கி இழுக்கும். 1996ஆம் ஆண்டளவில் ஷிமானோ நிறுவனம் வி-பிரேக்கைக் கொண்டுவந்தது. அதன் கைகள் நீண்டவை. கேபிள் அவற்றை நேராகக் குறுக்கே இழுப்பதால் பிடிப்பு வலுவாகிறது. டிஸ்க் பிரேக் பொருத்துவதற்கான அமைப்பு பழைய சட்டத்திலும் குடத்திலும் இல்லை. வி-பிரேக்கோ, கேண்டிலீவர் நின்ற அதே முளைகளில் பொருந்திவிடும்.

ஆயினும் முதல் முயற்சியில் தவறினேன். கைகளை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய லிவரையே வைத்தேன். வி-பிரேக்குக்கு ஏறத்தாழ இரு மடங்கு கேபிள் நகர வேண்டும். பழைய லிவர் அவ்வளவு இழுக்காது. முழுதும் பிடித்தால் லிவர் கைப்பிடியைத் தொட்டதேயன்றிச் சக்கரம் நிற்கவில்லை. அரைகுறை மாற்றம், மாறாமையினும் கேடானது. நல்வாய்ப்பாக, கியர் மாற்றும் விசை தனியாக இருந்தமையால் லிவர்களை எளிதில் மாற்ற முடிந்தது. கேபிளும் அதன் உறையும் புதிதாயின. ரிம்மில் படிந்திருந்த கறையை ஸ்பிரிட்டால் துடைத்தோம். கட்டைகள் டயரை உரசாமல் ரிம்மில் மட்டும் படியவும், கிறீச்சிடாதிருக்க முன்முனை சற்று முந்திப் படியவும் திருகினோம். வேலை முழுவதிலும் மகன் அருகிருந்து பானா எடுத்துக்கொடுத்தான்.

மைதானத்தில் சோதித்தபோது புதிய முன்பிரேக்கின் வேகம் அச்சமூட்டியது. பிரேக் பிடிக்கையில் எடை முன்னோக்கிச் சாய்வதால் முன்பிரேக்கே பெரும்பணி ஆற்றுகிறது. அதனைத் திடீரென இறுக்கினால் ஓட்டுபவர் கைப்பிடியைத் தாண்டி விழுவார். இரண்டையும் ஒருசேர, மெல்லப் பிடிக்கப் பழகினான். வகுப்பில் அடக்கமுடைமை அதிகாரத்தைப் பல்லாண்டு நடத்திய நான், ஆற்றலும் அளவோடு இருக்க வேண்டும் என்பதை அம்மைதானத்தில் மீண்டும் பயின்றேன்.

கழற்றிய பழைய பிரேக்குகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் இட்டு மதினியிடம் கொடுக்கச் சென்றேன். அண்ணன் பொருளை மாற்றிவிட்டேனே என்ற குற்றவுணர்வு எனக்கு. டப்பாவைத் திறந்து பார்த்த அவர் சொன்னார்: “இத ஏன் தம்பி இத்தன நாளு வச்சிருந்தீங்க? அவுக இருந்திருந்தா என்னைக்கோ மாத்திருப்பாக.”

அண்ணனை நான் அறிந்ததைவிட அவர் நன்கு அறிந்திருந்தார். முன்னோர் விட்டுச்சென்றதைப் போற்றுவது என்பது, அதனை நம்பி ஏறும் பிள்ளைகளைக் காப்பதும்தான். சட்டம் அண்ணனுடையது, பிரேக் புதியது. வண்டி இன்றும் ஓடுகிறது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் செய்கிறது.