வீழ்ந்து பயின்ற பாடம்

மாந்தர்க்கு இயல்பாயமைந்த அச்சங்களுள் வீழ்ந்துவிடுவோம் என்னும் அச்சம் மிகப் பழையது. யாழ்ப்பாணத்து மண்ணிலே மலையுமில்லை, குன்றுமில்லை. இளமையில் உயரமென்று நாம் அறிந்தது பனையின் உயரமே. தளைநார் பூட்டி அதன்மீது ஏறுவோரைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தலோடு எமது வீரம் அமைந்தது.

மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்திலுள்ள ஷெபீல்ட் நகரை அடைந்தபோது, பாறையேற்றம் எம்மை ஆட்கொண்டது. அந்நகருக்கு அணித்தாயுள்ள ஸ்டனேஜ் என்னும் மணற்பாறைச் சரிவிலே, மேலிருந்து கயிறு தாங்க, அச்சமின்றி ஏறினோம். ஆயின், கயிற்றைத் தாமே இடையிடையே கொளுவி முன்னேறிச் செல்வோர், இறுதியாகக் கொளுவிய இடத்துக்கு மேலே சென்ற தூரத்தின் இருமடங்கேனும் வீழ நேரிடும். அதனை எண்ணியவுடன் முழங்கால்கள் நடுங்கின. விரல்கள் பாறையை நெரித்தன. அவ்வாறு நெரித்தலால் கை விரைவிற் சோரும். சோர்ந்த கை நழுவும். அஞ்சியதனை அச்சமே அழைத்துவரும் விந்தை இது! இவ்வித்தையைக் கைவிடுவோமா என ஒரு மாரிகாலம் முழுவதும் மனம் உழன்றோம்.

முற்காலத்துச் சணற்கயிறு அறுந்துபோகக்கூடியது. ஆதலின் முன்னேறிச் செல்பவர் வீழவே கூடாதென்பது அக்காலத்து விதி. இரண்டாம் உலகப்போரின் பின் பரவிய நைலோன் கயிறும், 1953இல் தோன்றிய பின்னலுறைக் கயிறும் அந்நிலையை மாற்றின. இவை நீண்டு கொடுத்து வீழ்ச்சியின் விசையைத் தாமே ஏற்கும். வீழும் தூரத்தைக் கயிற்றின் நீளத்தாற் பிரித்தால் வரும் எண் சிறிதாயின் தாக்கமும் சிறிது. 10 மீற்றர் கயிறு வெளியே நிற்க 2 மீற்றர் வீழ்ந்தால் அவ்வெண் 0.2 மாத்திரமே.

இக்கணக்கை மூளை ஒப்பியது, உடல் ஒப்பவில்லை. அதனை ஒப்புவிக்க, அநுபவமிக்க நண்பரொருவர் எம்மை உள்ளரங்கச் செயற்கைச் சுவருக்கு அழைத்துச் சென்றார். நிலத்தினின்று நன்கு உயர்ந்தபின், கொளுவி இடுப்பளவில் இருக்கையிலே கையை விடச் செய்தார். அடுத்த முறை அரையடி மேலே; பின்னர் ஓரடி மேலே. வீழும்போது மூச்சை வெளியே விடுக, முழங்காலைச் சற்று மடக்குக, கயிற்றைப் பற்றாதிருக்க என்பன அவர் போதித்தவை. முதல்நாள் கண்ணீர் வருமளவுக்கு அஞ்சினோம். வாரந்தோறும் பத்துமுறை வீழ்ந்து, இரண்டு திங்களிற் சுவரைப் பார்த்து ஏறத் தலைப்பட்டோம்.

அச்சம் இன்றும் அற்றுப்போகவில்லை. முடிச்சை இருமுறை சோதிக்கத் தூண்டும் அச்சத்தை நன்றியோடு வைத்துக்கொண்டோம். விரலை நெரிக்கச் செய்யும் அச்சத்துக்கு விடைகொடுத்தோம்.

தம்பிமாரே, துணிவைப் பிறவிக்குணமென்று எண்ணி ஏங்காதீர். சிறிது சிறிதாக அது பழகற்பாலது. எம்மோடு பயின்ற பழைய மாணவர்க்கும் ஒரு சொல்: அன்று எமது துணிவிற் பாதி, கீழே கண்ணிமையாது கயிறு பிடித்து நின்றவருடையது. ஏறும் இளையோர்க்கு அவ்வாறு நிற்றல் இனி நமது கடன்.