'தானா' என்று கேட்காதீர்கள்!



அரியலூரில் இருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிற பெரியவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வித்தாள்தான் இருக்கிறது. முதல் கேள்வி, "எந்த ஊரும்மா?" இரண்டாவது, "யாரு வீட்டுப் பொண்ணு?" மூன்றாவது, "என்ன படிக்கிற?" டிப்ளமோ சிவில் என்று சொன்னதும் அவர்கள் வாயில் இருந்து தவறாமல் வருகிற சொல் ஒன்று உண்டு. "ஓ... டிப்ளமோதானா?"

அந்தத் 'தானா' இருக்கிறதே, அது நாலு செமஸ்டர் அரியரை விடக் கனமானது. என்ஜினியரிங் சீட் கிடைக்கலையா, வீட்டுல வசதி இல்லையா, மார்க் கம்மியா என்று மூன்று கேள்விகளை அந்த ரெண்டு எழுத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். நம்மில் யாருக்கு இது நடக்கவில்லை? கை தூக்குங்கள் பார்ப்போம்.

மலர்க் குழுவில் இருந்து "சாதனைப் பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதிக் கொடு. கல்பனா சாவ்லா மட்டும் வேண்டாம், போன வருஷமே மூணு பேர் எழுதிட்டாங்க" என்று கேட்டபோது எனக்கு இந்தத் 'தானா'தான் ஞாபகம் வந்தது. வாழ்நாள் முழுக்க "காமெடிதானா?" என்ற சொல்லோடு குடித்தனம் நடத்திய ஒருவர் இருந்தார். அவரும் ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. அவர்தான் ஆச்சி மனோரமா.

மன்னார்குடியில் 1937-ஆம் ஆண்டு மே 26-ஆம் தேதி பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் கோபிசாந்தா. அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டதும், அம்மா ராமாமிர்தம் கைக்குழந்தையோடு ஊரை விட்டுக் கிளம்பினார். போய்ச் சேர்ந்த இடம் காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூர். வீட்டு வேலை செய்தும் பலகாரம் சுட்டு விற்றும் பிள்ளையை வளர்த்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோதுதான் மகளுடைய படிப்பு நின்றது. படிப்பை விட்ட பிள்ளை ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனது. செட்டிநாட்டுப் பக்கம் வளர்ந்ததால்தான் பின்னாளில் எல்லோருக்கும் 'ஆச்சி' ஆனார். மற்றபடி அவர் செட்டியார் வீட்டுப் பெண் இல்லை; நம்மில் பல பேர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பன்னிரண்டு வயதில் மேடை ஏறினார். பாட்டு வரும், பயம் கிடையாது. அந்தக் காலத்து நாடகத்துக்கு அது ரெண்டும் போதும். நாடகக்காரர்கள்தான் அவருக்கு மனோரமா என்று பெயர் வைத்தார்கள். பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்தார். கலைஞர் எழுதிய 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் நடித்தார். இதையெல்லாம் படிக்கிற உங்களுக்கு "சரி, நாடகத்துல நடிச்சாங்க" என்று ஒரு வரியில் போய்விடும். எனக்கு அப்படிப் போகவில்லை. காரணம் எங்க அப்பாயி.

அப்பாயிக்கு வயசு எண்பதுக்கு மேலே. பெரம்பலூரும் இல்லை, அரியலூரும் இல்லை, எல்லாமே திருச்சி ஜில்லாவாக இருந்த காலத்து மனுஷி. (பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-இல், அரியலூர் கடைசியாகப் பிரிந்தது 2007-இல். பொது அறிவுத் தேர்வுக்கு உதவும், குறித்துக்கொள்ளுங்கள்.) திருவிழாவுக்கு ஊருக்கு நாடக செட் வரும். 'வள்ளி திருமணம்' ஒரு ராத்திரி, 'அரிச்சந்திரா' ஒரு ராத்திரி. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடிய நடக்கும். அதைச் சொல்லும்போது அப்பாயி குரல் வேற மாதிரி ஆகிவிடும்.

"ராத்திரி வள்ளியா வந்து நின்னப்ப கையெடுத்துக் கும்புட்டோம்டி. விடிஞ்சதும் அந்தப் பொம்பளைக்கு எங்க வீட்டுத் திண்ணையிலதான் சோறு. உள்ள கூப்பிடல. தண்ணிக்குத் தனிச் சொம்பு. அப்ப எனக்கு ஒண்ணும் தோணல. நாடகக்காரின்னா அப்படித்தான்னு இருந்துட்டோம்."

ஆச்சி நடந்து வந்த பாதை இந்தத் திண்ணைகளின் வழியாகத்தான். கைத்தட்டுகிற ஊரே மறுநாள் காலையில் தனிச் சொம்பு எடுத்து வைக்கும். ஒரு சின்னப் பெண், கூடவே உடம்பு சரியில்லாத தாய். அந்த நிலையில் மேடையில் ஏறி ஜனங்களைச் சிரிக்க வைப்பது என்றால் சும்மாவா? நமக்கு செமினார் ஹாலில் 'குட் மார்னிங் எவ்ரிபடி' சொல்வதற்கே தொண்டை அடைக்கிறது.

இப்போது அந்தத் 'தானா' கதைக்கு வருகிறேன். சினிமாவுக்காக முதலில் ஒப்பந்தமான படங்கள் பாதியில் நின்றுபோயின. பிறகு கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் வாய்ப்பு வந்தது. 1958-ஆம் வருஷம். ஆனால் வந்தது நகைச்சுவை வேடம். மேடையில் கதாநாயகியாக நின்றவருக்கு மனசு ஒப்பவில்லை. அப்போது கண்ணதாசன் சொன்னதை ஆச்சியே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கதாநாயகியாக நடித்தால் நாலைந்து வருஷம்தான் தாக்குப்பிடிக்கலாம், இந்த வழியில் போனால் காலம் முழுக்க நிற்கலாம் என்பது அதன் சாரம்.

கதாநாயகியாகவும் அவர் ஒரு தடவை நடித்துப் பார்த்துவிட்டார். மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'கொஞ்சும் குமரி', 1963. இன்றைக்கு அந்தப் படத்தைச் சொல்லி ஆச்சியை யாரும் அடையாளம் காட்டுவதில்லை. எதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்? 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணியைச் சொல்லி.

நண்பர்களே, இந்த 1968 படத்தை உங்கள் போனில் தேடிப் பாருங்கள். ரீல்ஸில் அரை நிமிஷம் பார்த்தால் போதாது, முழுசாக. சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று ஆளுக்கு ஆள் போட்டி போடுகிற படம். அதன் நடுவில் ஒரு நாடகக் கொட்டகை நடிகையாக ஆச்சி வருகிறார். நாயனத்தைப் பற்றி சண்முகசுந்தரத்திடம் ஒரு குழந்தையைப் போலக் கேள்வி கேட்கிறார். சிவாஜி கணேசன் எதிரில் நிற்கும்போது மற்றவர்கள் கண்ணில் படமாட்டார்கள் என்பார்கள். இந்தக் காட்சியில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஆச்சியைத்தான் பார்த்தோம். சிரிப்பு வருகிறது, ஆனால் அந்தப் பெண்ணை மட்டமாக நினைத்துச் சிரிக்கத் தோன்றவில்லை. பகட்டான புடவை, ஆட்டம், வெகுளிப் பேச்சு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மரியாதையான மனுஷி இருக்கிறாள். கொட்டகை நடிகை என்றால் திண்ணையோடு நிறுத்துகிற ஊரில், அந்த வேஷத்தைப் போட ஆச்சி யாரிடம் போய்ப் பாடம் கேட்டிருக்க வேண்டும்? அவர் பார்க்காத கொட்டகையா!

அப்பாயி அந்தப் படத்தை என்னோடு உட்கார்ந்து பார்த்தது. ஒண்ணும் பேசவில்லை. ரமாமணி வருகிற இடத்தில் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டது. வயசானவர்கள் அடிக்கடி கண்ணாடி துடைப்பார்கள், அதனால் நான் கேட்கவில்லை.

இன்னொரு விஷயம், அவருடைய காது. ஆறாவது வரை படித்தவர் எத்தனை தமிழ் பேசியிருக்கிறார்! 'பொம்மலாட்டம்' படத்தில் சோவோடு சேர்ந்து சென்னைத் தமிழில் கலக்கினார்; அந்தப் பாட்டையும் சொந்தக் குரலில் பாடினார். 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் வீட்டு வேலைக்காரி கண்ணம்மாவாக வந்து, வாயாலேயே ஒரு பெரிய மனிதரை வாசல் வரை தள்ளுகிறார். 'சின்னக் கவுண்டர்' (1992) ஆத்தாவிடம் கேட்பது கொங்குத் தமிழ். நமக்கெல்லாம் கம்யூனிகேஷன் லேப் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஆச்சிக்கு ஊர் ஊராகப் போன நாடக வண்டிதான் லேப்.

சிரிக்க மட்டும்தானா என்று கேட்கிறவர்கள் 'சின்னத் தம்பி' (1991) பார்க்கட்டும். விதவைத் தாயை நடுவில் நிற்க வைத்து அவமானப்படுத்துகிற காட்சியில் அந்த முகத்தைப் பாருங்கள். பார்த்திபனின் முதல் படமான 'புதிய பாதை'யில் (1989) நடித்ததற்காகத் தேசிய விருதே கிடைத்தது, சிறந்த துணை நடிகை என்று. அந்த விருதிலும் 'துணை' இருக்கிறது, கவனித்தீர்களா! ஆயிரம் படங்களைத் தாண்டியதற்காகக் கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது. 2002-இல் பத்மஸ்ரீ. அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் ஆகியோரோடு திரையில் என்று ஐந்து முதலமைச்சர்களோடு நடித்த கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான், நீட்டவில்லை.

சொந்த வாழ்க்கையில் சந்தோஷம் குறைவு. 1964-இல் நாடக நடிகர் ஒருவரைக் காதலித்துக் கல்யாணம் செய்தார். மகன் பிறந்த கொஞ்ச காலத்திலேயே பிரிவு. தன் அம்மா தன்னை வளர்த்த மாதிரியே தானும் ஒற்றை ஆளாக மகனை வளர்த்தார். இதை அவர் மேடைகளில் சொல்லும்போது அழுததையும் பார்த்திருக்கிறோம், அடுத்த நிமிஷமே சிரிக்க வைத்ததையும் பார்த்திருக்கிறோம். வயதான காலத்தில் டி.வி. தொடர்களிலும் நடித்தார். 2015 அக்டோபர் 10-ஆம் தேதி இரவு சென்னையில் காலமானார். வயது 78.

டி.வி. என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் விட்டால் அப்பாயி கோபித்துக்கொள்ளும். எஸ்.என்.லட்சுமி. விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, நாடகத்தில் வளர்ந்தவர். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் நாகேஷுக்கு அம்மா, 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் திருட்டுப் பாட்டி, விஜய் டி.வி. 'சரவணன் மீனாட்சி'யிலும் பாட்டி. 2012-இல் இறந்தார். முகத்தைக் காட்டினால் எல்லோரும் "அட, இந்தப் பாட்டியா!" என்பார்கள். பெயர் கேட்டால் பத்துப் பேரில் ஒருத்தர் சொன்னால் அதிசயம். ஒரு கட்டடம் எழும்பும்போது விடிகாலையில் லெவல் பார்த்து, க்யூப் போட்டு, க்யூரிங் தண்ணி ஊற்றினார்களா என்று சாயங்காலம் வரை நின்று கவனிக்கிற சைட் சூப்பர்வைசரின் பெயர் திறப்பு விழாக் கல்வெட்டில் இருக்காது. அந்த மாதிரி.

எங்கள் அப்பா சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். நான் பாலிடெக்னிக் சேர்ந்ததில் அவருக்குப் பெருமைதான். 'தானா' என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் ஆண்டு விழா நாடகத்தில் நான் நடிக்கப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். "நம்ம ஊருல நாளைக்கு என்ன பேசுவாங்க தெரியுமா?" என்றார். எங்கள் வகுப்பில் பெண்கள் ஏழு பேர். கதாநாயகி வேடத்துக்கு மூன்று பேர் தயார். வாயாடிக் கிழவி வேடத்துக்கு யாரும் வரவில்லை. வாங்கிக்கொண்டது நான்.

அன்றைக்கு ராத்திரி அப்பாயிதான் பேசியது. "தனிச் சொம்புல ஊத்திக் கொடுத்தவ நான்தான்டா. எம் பேத்தியை எவன் திண்ணையில உக்கார வைக்கிறான்னு பாக்குறேன்." அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு லோடு ஏற்றக் கிளம்பிவிட்டார்.

ஒத்திகை மூன்று வாரமாக நடக்கிறது. கிழவிக்குக் கட்ட அப்பாயியின் சுங்கடிப் புடவையை வாங்கி வைத்திருக்கிறேன். வெற்றிலை மெல்லுகிற மாதிரி நடிக்க வரவில்லை. நிஜமாகவே போட்டுக்கொள், ஆனால் விழுங்காதே என்று யோசனை சொல்லியிருக்கிறது. இந்த மலர் உங்கள் கைக்கு வருகிற சாயங்காலம்தான் நாடகம். அப்பாயி முதல் வரிசையில் இருக்கும், கண்ணாடி போட்டிருக்கும், தேடினால் தெரியும். அப்பாவுக்கு அன்றைக்கு தூத்துக்குடி லோடு என்றார்கள். மாற்றிக் கேட்டிருக்கிறாராம், லாரி செட்டில் யாரோ சொன்னார்கள்.