முன்பாரம்

வண்டி கட்டிப் பழகியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்களை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த இதழைப் படிக்கும் நண்பர்களில் பெரும்பாலோர் பேருந்திலும் ரயிலிலும் ஏறி வளர்ந்தவர்கள். ஆகவே, அச்சொற்களை நான் கற்ற இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் வடகரப்பதி. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோவை மாவட்டம். 1956ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தில் சேர்ந்தோம். எனினும் எங்கள் வீட்டிலும் தோட்டத்திலும் இன்றும் பேச்சு தமிழ்தான். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாய்க்கு நாங்கள் கிழக்கே இருக்கிறோம். மழை எங்களுக்குக் குறைவு. காற்றுக்கோ குறைவே இல்லை.

என் அப்பாரு மாட்டுவண்டி ஓட்டியவர். சுமை ஏற்றி முடித்ததும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். பாரம் அச்சுக்கு முன்னால் அதிகமானால் நுகம் எருதுகளின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமானாலோ நுகம் மேலே எழும்பும். பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். "முன்பாரம் கொஞ்சம் இருக்கோணும் கண்ணு. பின்பாரம் ஆகவே ஆகாது" என்பார். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இது. அதை நான் மறந்த ஒரு நாளைப் பற்றியே இக்கட்டுரை.

எருதுகள் போய் டிராக்டர் வந்த பிறகு நடந்தது அது. என் மாமா இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தார். நீளமான பெட்டி, உயரமான பக்கப் பலகை. அதற்குப் பிரேக் கிடையாது. வைகாசிக் கடைசியில், மழைக்குமுன் மாட்டுத்தீவனம் சேர்த்துவிட வேண்டும் என்று கொழிஞ்சாம்பாறைக்குப் போனோம். 30 தவிட்டு மூட்டைகள். ஒவ்வொன்றும் 50 கிலோ. அவற்றோடு வைக்கோல் கட்டுகளும் இருந்தன. மாமா கணக்கு முடிக்கப் போனார். ஏற்றும் வேலையை என்னிடம் விட்டார்.

எனக்கு அன்று மாலை வேறு இடத்துக்குப் போகும் அவசரம். வீட்டில் இறக்குவது எளிதாக இருக்குமே என்று மூட்டைகளையெல்லாம் பெட்டியின் பின்பக்கத்தில் அடுக்கச் சொன்னேன். முன்பக்கம் முழுவதும் வைக்கோல். மூட்டைகளின்மேலும் ஓர் ஆள் உயரத்துக்கு வைக்கோல். பார்வைக்கு நிறைந்த பாரம். உண்மையில் 1,500 கிலோவும் அச்சுக்குப் பின்னால் கிடந்தது.

மாமா ஏறி ஓட்டினார். நான் மொபெட்டில் பின்னால் வந்தேன். சாலை வடக்கே திரும்பியதும் மேல்காற்று வைக்கோல் சுவரில் பக்கவாட்டாக மோதியது. டிரெய்லரின் வால் இடப்புறம் ஒரு சாண் நகர்ந்தது, பிறகு வலப்புறம். சரிவில் இறங்கும்போது அந்த ஆட்டம் ஒவ்வொரு முறையும் பெரிதாயிற்று. நான் கூவினேன், அவர் காதில் விழவில்லை. மாமா பிரேக்கை மிதித்தார். டிராக்டருக்கு இடச்சக்கரத்துக்கு ஒன்றும் வலச்சக்கரத்துக்கு ஒன்றுமாக இரண்டு பிரேக் மிதிகள் உண்டு என்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். உழவில் சட்டெனத் திரும்ப அவற்றைத் தனித்தனியே மிதிப்பார்கள். சாலைக்கு வரும்போது இரண்டையும் தாழ்போட்டு இணைக்க வேண்டும். அன்று காலை உழுதுவிட்டு வந்த வண்டி அது, தாழ் போடவில்லை. ஒரு பக்கம் மட்டும் பிடித்தது. டிராக்டர் குறுக்கே திரும்ப, பின்னால் வந்த பாரம் அதைத் தள்ளிப் பள்ளத்தில் சாய்த்தது. மாமாவின் வலக்கால் மட்கார்டுக்கு அடியில் சிக்கி முறிந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இன்றும் நொண்டித்தான் நடக்கிறார்.

"காற்று, சரிவு, பிரேக்" என்று ஊரார் காரணம் சொன்னார்கள். மூட்டைகளை அடுக்கியது யார் என்று எவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு இப்பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்க வந்தேன். வண்டிகளின் இயக்கம் பற்றிய பாடத்தில் ஆசிரியர் ஒரு படம் காட்டினார். அமெரிக்காவில் கார்ப்பந்தயக்காரர்கள் வீடுபோன்ற பெரிய மோட்டார் வண்டியில் பயணம் செய்கிறார்கள். அதன் பின்னால் மூடிய டிரெய்லர் ஒன்றை இழுத்துச் செல்கிறார்கள். அதற்குள் ஒரு காரைத் தூக்கி மேல்தட்டில் நிறுத்தி, இன்னொன்றைக் கீழே நிறுத்துவார்களாம். உயரமான பெட்டி, பக்கத்தில் காற்றுக்குப் பெரிய சுவர். படத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வைக்கோல் பாரமே நினைவுக்கு வந்தது.

ஆசிரியர் சொன்ன விதிகளைக் கேளுங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு இணைப்புக் கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். குறைந்தால் வால் ஆடும். மிகுந்தால் இழுக்கும் வண்டியின் முன்சக்கரங்கள் பாரம் இழந்து, திருப்பினால் திரும்பாது. கனமான கார் கீழ்த்தட்டில் இருக்க வேண்டும். வாங்குமுன் கொக்கி, அச்சு, டயர், இழுக்கும் வண்டி ஆகிய ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும். அவற்றில் எது மிகக் குறைவோ அதுவே நம் எல்லை. வால் ஆடத் தொடங்கினால் முன்வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. வேகத்தைத் தளர்த்தி, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் பிடிக்க வேண்டும்.

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு வரிக்குமேல் கை ஓடவில்லை. அப்பாரு நுகத்தடியைத் தூக்கிப் பார்த்த அதே விதிதானே இது! பின்பாரம் டிராக்டரின் பின்பக்கத்தையே மேலே தூக்கியிருக்கிறது. டிராக்டருக்குப் பிரேக் பிடிப்பதோ பெரும்பாலும் பின்சக்கரங்களில்தான். அந்தச் சக்கரங்களின் பிடிப்பைக் குறைத்தவன் நான்.

சென்ற விடுமுறையில் மாமா மீண்டும் ஒரு டிரெய்லர் வாங்க முடிவு செய்து என்னையும் அழைத்துப்போனார். விற்பவர் பெரிய பெட்டி ஒன்றைக் காட்டி, "ஒரே நடையில் எல்லாம் வந்துவிடும்" என்றார். நான்கு சக்கரத்தில் ஒன்றும் இருந்தது. அதில் முன் அச்சே பாரத்தைத் தாங்கும். ஆனால் பின்னோக்கி ஓட்டுவது கடினம், எங்கள் தோட்டத்து வழியோ குறுகல். கடைசியில், பிரேக் உள்ள, தாழ்ந்த, சிறிய இரண்டு சக்கர டிரெய்லரைத் தேர்ந்தோம். இரண்டு நடை போகலாம். டீசல் சற்றுக் கூடும், அவ்வளவுதான். இணைப்பு ஆணிக்குப் பூட்டூசி, அது கழன்றாலும் பிடித்துக்கொள்ளச் சங்கிலி, இரவில் பின்வருபவர் கண்ணில் படச் சிவப்பு விளக்கு, ஒளித்தகடு ஆகியவற்றையும் கேட்டு வாங்கினோம்.

அந்த முற்றத்தில் நின்றபடியே சொல்லிவிட்டேன்: "மாமா, அன்னைக்கு மூட்டைய எல்லாம் பின்னால அடுக்கச் சொன்னது நானுங்க."

அவர் புதுக் கொக்கியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும் மாப்ளே. பள்ளத்துல கெடந்தப்பவே பாத்தேன். மூட்ட பூராப் பின்னாலதான் செதறிக் கெடந்துது."

"ஏன் ஒண்ணுஞ் சொல்லலீங்க?"

"அடுக்குனது நீதான். பாக்காம ஏறி ஓட்டுனது நானு. தாழ் போடாததும் நானு. உன்ற மேல மட்டும் எப்படிச் சொல்றது?"

அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை. நானும் பேசக்கூடிய நிலையில் இல்லை.

முதல் நடைக்கு மூட்டைகளை நானே ஏற்றினேன். கனமானவை அடியில், அச்சுக்குச் சற்று முன்னால். பிறகு எடைமேடைக்கு ஓட்டிச் சென்றோம். டிரெய்லரைக் கழற்றித் தனியே ஒரு முறை நிறுத்தோம். மீண்டும் பூட்டி, அதன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க இன்னொரு முறை நிறுத்தோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கொக்கியின்மேல் விழும் முன்பாரம். பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வந்தது. டிராக்டரின் கையேட்டில் கொடுத்திருந்த அளவுக்குள்தான் அது இருந்தது.

நண்பர்களே, உங்களில் பலர் ஊரில் டிராக்டர் உள்ள வீட்டுப் பிள்ளைகள். விடுமுறைக்குப் போனால் பாரம் ஏற்றும் வேலை உங்கள் தலையிலும் விழும். இறக்குவது எளிதா என்று பார்க்குமுன், இழுப்பது எப்படி என்று பாருங்கள். டிரெய்லரில் ஆள் ஏற்றாதீர்கள். சரிவில் டீசலை மிச்சம் பிடிக்கக் கியரை விடுவிக்காதீர்கள். தாழ்ந்த கியரில் இறங்குங்கள்.

மாமா இருக்கையில் ஏறினார். ஏறும்போது வலக்காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. பிரேக் மிதிகளின் தாழைப் போட்டு, திரும்பி என்னைப் பார்த்தார்.

"முன்பாரம் இருக்குதா மாப்ளே?"

"இருக்குதுங்க மாமா" என்றேன்.