சருகு கூட்டாத வளவு

ரொறன்ரோவின் பழைய குடியிருப்புகளில் பின்வளவு மரம் என்றால் பெரும்பாலும் மேப்பிள் அல்லது ஓக். மேப்பிளின் கீழே புல் பிடிக்காது. வெயில் போதாது, மேலோட்டமாக ஓடும் வேர்கள் மழைநீரையும் முதலில் குடித்துவிடும். அந்த இடத்தில் மேலே கொப்புகளை ஐதாக்கி, கீழே அந்த நிலத்தின் காட்டுச் செடிகளையே வளர்த்தெடுப்பது நிழல்தோட்டம்.

வேலை மரத்தில் தொடங்குகிறது. தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தை, சொந்த வளவுக்குள் நின்றாலும், மாநகரசபையின் அனுமதியின்றி வெட்டவோ வேரறுத்துச் சேதப்படுத்தவோ முடியாது. காணி தன்னுடையது என்றால் மரமும் தன்னுடையதே என்று பழகி வந்தவர்களுக்கு இந்தச் சட்டம் முதலில் விளங்குவதில்லை. ஆனால் நல்ல சட்டம் அது. முறையான கவ்வாத்துக்கு அனுமதி தேவையில்லை. பட்ட கொப்புகளும், ஒன்றோடொன்று உரசுபவையும், மிகத் தாழ்ந்தவையும் போனாலே நிலத்தில் வெயிற்பொட்டுகள் அசையத் தொடங்கிவிடும். அவ்வளவு வெளிச்சம் போதும். ஒரே ஆண்டில் பச்சைக் கொப்புகளில் காற்பங்குக்கு மேல் எடுத்தால் மரம் நலிந்துபோகும். ஓக்கைக் குளிர்காலத்தில் மட்டுமே வெட்டவேண்டும். வசந்தத்திலும் கோடையிலும் பச்சைக் காயத்தைத் தேடிவரும் வண்டுகள் ஓக் வாடல் நோயைப் பரப்பக்கூடும். 2023இல் அந்நோய் ஒன்ராறியோவில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

அடுத்தது மண். இங்கே மண்வெட்டிக்கு வேலையில்லை. வேர்களின் மேல் புதுமண்ணைக் குவித்தால் அவை மூச்சுமுட்டும். இரண்டு விரல் தடிப்புக்கு இலைமக்கு பரப்பினால் போதும். வேர்களுக்கு இடையே கைக்கரண்டி நுழையும் இடங்களைத் தேடி, சிறிய கன்றுகளாக நடவேண்டும்.

தமிழ் வீடுகளுக்கு இதில் கடினமானது சருகுதான். யாழ்ப்பாணத்து முற்றம் விடியற்காலையில் கூட்டப்படுவது. விளக்குமாற்றின் கோடுகள் மணலில் பதிந்திருந்தால்தான் வீடு வீடாக இருக்கும்; பாம்போ பூரானோ வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கை, ஒக்ரோபரில் மேப்பிள் இலைகளைக் கண்டால் சும்மா இருக்காது. கடதாசிப் பைகளில் திணித்து வீதியோரம் வைத்துவிடும். நிழல்தோட்டத்துக்கோ அந்த இலைகளே பசளை, அவையே போர்வை. அடிமரத்தைச் சுற்றி மட்டும் ஒதுக்கிவிட்டு, மீதியைக் கிடந்தபடி விடவேண்டும். பல வண்டுகளும் அந்துப்பூச்சிகளும் பனிக்காலத்தைக் கழிப்பது அந்தச் சருகுக்குள்தான்.

செடிகளில் முதலிடம் வெள்ளை ட்ரில்லியத்துக்கு. 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாணப் பூ அது. வில்வத்தைப்போல மூன்று இலை. அதன்மேல் மூன்று இதழ். மரங்கள் இலைவிட்டு வானத்தை மூடுமுன், ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பூத்து, வாடும்போது இளஞ்சிவப்பாகும். விதையிலிருந்து முதற்பூவுக்கு ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். விதையில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சதைக்காக எறும்புகள் அதை இழுத்துச் சென்று பரப்புகின்றன. இத்தனை மெதுவாக வளரும் செடியைக் காட்டிலிருந்து பிடுங்கிவருவது பெரும் தவறு. நாற்றுமேடையில் வளர்த்ததையே வாங்கவேண்டும்.

பிளட்ரூட்டும் அதே பருவத்தது. கிழங்கை நறுக்கினால் செம்மஞ்சள் சாறு கசியும். தரையை மூட ஏற்றது காட்டு இஞ்சி. வேரைக் கசக்கினால் இஞ்சி மணக்கும், ஆனால் இஞ்சிக்கு உறவில்லை. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையின் குடும்பம் அது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இரண்டிலும் உண்டு. கறிக்குப் போடவே கூடாது. கோடையில் இடத்தை நிரப்பப் பன்னங்கள் இருக்கின்றன. நிழற்செடி என்று கடைகளில் விற்கும் ஐவியும் பெரிவிங்கிளும் வேலிதாண்டிக் காட்டுக்குள் பரவுபவை, அவற்றைத் தவிர்க்கவேண்டும்.

முதல் இரண்டு கோடைகளுக்கும் தண்ணீர் கட்டாயம்; மரத்தின் தாகம் கன்றுகளுக்கு எதையும் மிச்சம் வைக்காது. கோடை முற்ற ட்ரில்லியம் மஞ்சளாகிப் படுத்து, நிலத்துக்கு மேலே அடையாளமே இல்லாமல் மறைந்துவிடும். அதற்கு முன்பே பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றிவைக்கவேண்டும். இல்லாவிட்டால் இலையுதிர்காலத்தில் புதுக்கன்று நடப்போகும் கரண்டி, உறங்கும் கிழங்கின் நடுவே இறங்கிவிடும்.